வக்கடையை அடைக்கும் குளிசை

அஸர் தொழுதுவிட்டு வந்து விறாந்தையில் இருந்தேன். மச்சான் படலையைத் திறந்துகொண்டு வந்தார். கையில் ஒரு சொப்பிங் பேக். அதற்குள் கிளினிக் கொப்பி, நாலைந்து ரிப்போர்ட், இரண்டு காட் குளிசை. பேக்கை மேசையில் வைத்தார்.

"மச்சான், நீங்க படிப்பிச்ச மனிசன். இதில என்ன எழுதியிரிக்கெண்டு எனக்கு விளங்குற மாதிரிச் சொல்லுங்க."

உள்ளேயிருந்து இஞ்சி போட்ட தேத்தண்ணி வந்தது. அவர் கோப்பையைத் தொடவில்லை.

நான் டொக்டர் இல்லை. பொத்துவிலில் 27 வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன். ஆனால் என் ராத்தாவுக்கு இதே வருத்தம் வந்து 11 வருடமாகிறது. ஒவ்வொரு கிளினிக்குக்கும் அவரோடு போய், டொக்டர்மாரிடமும் தாதிமாரிடமும் மருந்து கொடுப்பவர்களிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் அன்று மச்சானுக்குச் சொன்னேன். இதே மாதிரி ஒரு பேக்கோடு எந்த வீட்டில் யார் இருந்தாலும் அவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

மச்சானுக்கு முதலில் வந்தது களைப்பு. வட்டைக்குப் போய் வரம்பு கட்டினால் அரை நாளில் உட்கார்ந்துவிடுவார். பிறகு இடது விலாவுக்குக் கீழே ஒரு பாரம். இரண்டு பிடி சோறு தின்றதும் வயிறு நிறைந்துவிடும். இரவில் வேர்வை. நிறையும் குறைந்தது. ஆசுபத்திரியில் இரத்தம் சோதித்தபோது வெண்குழியங்கள் 140,000. சாதாரணமாக ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரைதான் இருக்க வேண்டும். விலாவுக்குக் கீழே பாரமாக இருந்தது வீங்கிய மண்ணீரல். அது இரைப்பையை அமுக்கியதால்தான் சோறு இறங்கவில்லை. பிறகு என்பு மச்சையில் ஊசி குத்திப் பார்த்து, சி.எம்.எல். என்று எழுதிவிட்டார்கள். நாட்பட்ட மைலொயிட் லியூக்கேமியா.

"நாட்பட்ட எண்டா முத்திப் போச்செண்டுதானே மச்சான்?"

இந்தச் சொல்தான் பல வீடுகளில் முதல் இடியை இறக்குகிறது. நாட்பட்ட என்றால் முற்றியது என்று பொருள் இல்லை. மெதுவாகப் போகிறது என்று பொருள். இரத்தப் புற்றுநோயில் கிழமைக் கணக்கில் ஆளைச் சாய்ப்பவை உண்டு. அவற்றைக் கடும் லியூக்கேமியா என்பார்கள். அவற்றுக்கு உடனே வார்ட்டில் சேர்ந்து கடுமையான ஊசி மருந்து ஏற்ற வேண்டும். மச்சானுக்கு வந்தது வேறு இனம். பெரும்பாலானவர்களுக்கு இது ஆரம்பக் கட்டத்திலேயே பிடிபட்டுவிடுகிறது. கவனிக்காமல் விட்டால்தான் சில வருடங்களில் வேகமெடுத்துக் கடும் நோயாக மாறும். மாறாமல் பிடித்து வைப்பதுதான் சிகிச்சை.

நாட்பட்டதிலும் இரண்டு முக்கிய வகை இருக்கிறது. மற்றது சி.எல்.எல்., நிணநீர்க்குழியங்களில் வருவது. அது பெரும்பாலும் வயதானவர்களுக்கு வரும். அதில் பலருக்கு உடனே மருந்தே கொடுக்க மாட்டார்கள். மூன்று மாதம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் பார்த்துக் காத்திருப்பார்கள். "ஒண்டும் தராமல் அனுப்பிட்டாங்க" என்று அந்த வீட்டார் கோபிப்பதைக் கண்டிருக்கிறேன். அவர்களைக் கைவிடவில்லை. தேவை வரும்வரை மருந்தின் பாரத்தை உடம்பில் ஏற்றாமல் இருப்பதும் சிகிச்சைதான். ஆகவே ரிப்போர்ட்டில் எந்த மூன்றெழுத்து என்று முதலில் பாருங்கள். ஒருவருக்குச் சொன்ன புத்தி மற்றவருக்குப் பொருந்தாது.

இனி மச்சானின் வருத்தத்துக்கு வருவோம். எலும்புக்குள் இருக்கும் மச்சை ஒரு நாற்றுமேடை. இரத்தத்தின் எல்லாக் கலங்களும் அங்கேதான் முளைக்கின்றன. ஒவ்வொரு கலத்துக்குள்ளும் 23 சோடி நிறமூர்த்தங்கள். என்றோ ஒருநாள், ஒரேயொரு கலத்தில், 9ஆம் நிறமூர்த்தமும் 22ஆம் நிறமூர்த்தமும் முறிந்து நுனிகளை மாற்றி ஒட்டிக்கொண்டன. அதனால் 22ஆவது கட்டையாகிவிட்டது. இந்தக் கட்டை நிறமூர்த்தத்தை 1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்போர்ட் என்ற இருவர் கண்டார்கள். ரிப்போர்ட்டில் "பிலடெல்பியா பொசிட்டிவ்" என்று இருப்பது அந்த நகரத்தின் பெயர்தான். நுனிகள் இடம் மாறியதால் வந்த வேலை இது என்று 1973இல் சிகாகோவில் ஜெனட் ரௌலி என்ற பெண் விஞ்ஞானி காட்டினார்.

ஒட்டிய இடத்தில் பி.சி.ஆர்.–ஏ.பி.எல். (BCR-ABL) என்று ஒரு புதிய பரம்பரையலகு உண்டாகிறது. அது ஒரு புரதத்தை ஆக்குகிறது. அந்தப் புரதம் கலத்தைப் பார்த்து "பெருகு, பெருகு" என்று நிறுத்தாமல் ஏவுகிறது.

"மச்சான், வரம்பில வக்கடை வெட்டினா என்ன செய்வீங்க?"

"தண்ணி பாஞ்சதும் மண் வெட்டி அடைக்கிற."

"அடைக்காமல் விட்டா?"

"வயல் மூழ்கிப் போகும்."

அவ்வளவுதான். சாதாரணக் கலத்தில் இந்த வக்கடை தேவைக்குத் திறந்து தேவைக்கு மூடும். அவருடைய மச்சையில் ஒன்று திறந்தபடியே நிற்கிறது. இமாட்டினிப் என்ற குளிசை அந்த வாயில் போய்ச் செருகும் மண்கட்டி. புரதம் சக்தியை வாங்கும் குழிக்குள் அது சரியாகப் பொருந்தி அடைத்துவிடும். ஏவல் நின்றுபோகும். பெருகிய கலங்கள் சாகும். நல்ல நாற்றுக்கு இடம் கிடைக்கும்.

இந்த மருந்தை மனிதருக்கு முதலில் கொடுத்தது 1998இல். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் பிரையன் ட்ரூக்கர் என்ற டொக்டர் அந்த ஆய்வை நடத்தினார். பழைய மருந்து பலிக்காமல் வந்தவர்களில் 54 பேருக்கு நாளுக்கு 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ கொடுத்தார்கள். 53 பேருக்கு இரத்த எண்ணிக்கை வழமைக்குத் திரும்பியது. 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பிறகு நடந்த பெரிய ஆய்வில், இந்தக் குளிசையோடு தொடங்கியவர்களில் நூற்றுக்கு 83 பேர் பத்து வருடம் கடந்தும் உயிரோடு இருந்தார்கள். அதற்கு முந்திய காலத்தில், தகுந்த மருந்து கிடைக்காதவர்களின் கணக்கு மூன்று முதல் ஐந்து வருடம். இன்று மருந்துக்கு நன்றாக இணங்குபவர்களின் ஆயுள், வருத்தம் இல்லாதவர்களின் ஆயுளுக்குக் கிட்டத்தட்டச் சமம்.

இதைக் கேட்டபிறகுதான் மச்சான் கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

ஆனால் நான் அவருக்கு உண்மையில் சொல்ல வேண்டியிருந்தது இனிமேல்தான் வருகிறது. மண்ணால் அடைத்த வக்கடையைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். இந்தக் குளிசையும் அப்படித்தான். இரத்தத்தில் ஏறிய மருந்தில் பாதி 18 மணி நேரத்தில் போய்விடும். அதனால்தான் ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், புதிதாக ஒரு மண்கட்டி வைக்கவேண்டியிருக்கிறது.

லண்டனில் ஹமர்ஸ்மித் ஆசுபத்திரியில் இதை ஆராய்ந்து 2010இல் எழுதினார்கள். இமாட்டினிப் குடிக்கும் 87 பேருக்கு, மூடியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் நேரத்தைப் பதியும் ஒரு சில்லு வைத்த போத்தலில் மருந்து கொடுத்தார்கள். கேட்டால் எல்லோரும் "ஒழுங்காத்தான் குடிக்கிறோம்" என்பார்கள். மூடி சொன்ன கதை வேறு. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஒழுங்காகக் குடித்தவர்களில் 94 வீதமானவர்கள் ஆறு வருடத்தில் நல்ல மட்டத்துக்கு வந்தார்கள். தொண்ணூறும் அதற்குக் கீழும் இருந்தவர்களில் 28 வீதமானவர்களே வந்தார்கள். மாதத்துக்கு 30 குளிசை. அதில் மூன்றை விட்டால் தொண்ணூறு வீதம். ஒரு கலியாண வீடு, ஒரு கொழும்புப் பயணம், ஒருநாள் மறதி. மூன்று போய்விட்டது.

இந்த வருத்தத்தில் மனிதர் வழுக்கி விழும் இடம் சுகமான காலம்தான். குளிசை தொடங்கி ஒன்றிரண்டு மாதத்தில் இரத்த எண்ணிக்கை சரியாகிவிடும். மண்ணீரல் சுருங்கும். சோறு இறங்கும். "கவுண்ட் நல்லாயிட்டு" என்று வீடு முழுவதும் சந்தோசம். அப்போது கால் உளைவுக்காகவோ கண் வீக்கத்துக்காகவோ "கொஞ்சநாள் விட்டுப் பாப்பம்" என்ற எண்ணம் வரும். தொடக்கத்தில் உடம்பில் இருக்கும் நோய்க் கலங்கள் ஒரு இலட்சம் கோடி அளவு. அதை ஆயிரத்தில் ஒன்றாகக் குறைத்தாலும் நூறு கோடி மிஞ்சும். அவை சாதாரண இரத்தப் பரிசோதனையில் தெரியாது. அவற்றை எண்ணுவதற்குத்தான் பி.சி.ஆர். (PCR) பரிசோதனை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்வார்கள். மூன்றாம் மாதத்தில் 10 வீதம் அல்லது குறைவு, ஆறாம் மாதத்தில் 1 வீதம் அல்லது குறைவு, ஒரு வருடத்தில் 0.1 வீதம் அல்லது குறைவு. இந்த மூன்று படியையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். எண் இறங்காவிட்டால் டொக்டர் முதலில் கேட்பது "குளிசை விட்டீங்களா?" என்றுதான். உண்மையைச் சொல்லுங்கள். விட்டதை மறைத்தால், பலிக்கும் மருந்தைப் பலிக்கவில்லை என்று நினைத்து மாற்றிவிடக்கூடும்.

ராத்தா குளிசையை விடாமல் குடிப்பது எப்படி என்று மச்சானுக்குச் சொன்னேன். அவருக்கு இராச்சாப்பாட்டோடுதான் குளிசை. குசினிச் சுவரில் ஒரு கலண்டர். அதன் ஆணியில் நூல் கட்டி ஒரு பென்சில் தொங்குகிறது. சோறு தின்று முடிந்ததும் கை கழுவும் முன்பே பேரப்பிள்ளை குளிசையையும் ஒரு பெரிய கிளாஸ் தண்ணியையும் கொண்டுவந்து வைக்கும். குடித்ததும் கலண்டரில் ஒரு புள்ளடி. வெறும் வயிற்றில் இமாட்டினிப் குடித்தால் ஓங்காளிக்கும்; சாப்பாட்டோடும் நிறையத் தண்ணியோடும் குடித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். குடித்தவுடன் படுக்காமல் ஒரு மணித்தியாலமாவது நிமிர்ந்து இருப்பார். ஒருநாள் மறந்துவிட்டால் அடுத்த நாள் இரண்டாகக் குடிப்பதில்லை; அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கும், கிளினிக்கில் அதையும் காட்டுவார். 11 வருடக் கலண்டர்களும் அலுமாரிக்கு மேல் கட்டுக் கட்டாக இருக்கின்றன.

எல்லாக் குளிசைக்கும் இந்த முறை பொருந்தாது. இமாட்டினிப் ஒத்துவராதவர்களுக்கு நிலோட்டினிப் கொடுப்பார்கள். அதை நாளுக்கு இரண்டு தரம், வெறும் வயிற்றில்தான் குடிக்க வேண்டும்: சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்துக் குடித்து, பிறகு ஒரு மணித்தியாலம் எதுவும் தின்னக் கூடாது. சோற்றோடு குடித்தால் மருந்து அளவுக்கு மீறி இரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பைக் கெடுக்கும். டசட்டினிப் என்ற இன்னொரு குளிசை குடிப்பவர்களுக்குச் சிலவேளை நுரையீரலைச் சுற்றி நீர் கோக்கும். மூச்சு வாங்கினால் உடனே காட்ட வேண்டும். பக்கத்து வீட்டாரின் குளிசை முறையைப் பார்த்து உங்கள் முறையை மாற்றிவிடாதீர்கள்.

"நோன்பு பிடிக்கலாமா மச்சான்?" இதை அவர் மெதுவாகத்தான் கேட்டார். கேட்க வந்த கேள்விகளில் அவருக்கு மிகவும் கனமானது இதுதான் என்று எனக்கு விளங்கியது.

நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. பிறகு கழாச் செய்யலாம். அதற்கும் முடியாதவர் பித்யாக் கொடுக்கலாம். அது அல்லாஹ் தந்த இலகு. அதை எடுப்பதில் வெட்கம் இல்லை. குளிசை தொடங்கிய முதல் மாதங்களில், எண்ணிக்கை இன்னும் சரியாகாத காலத்தில், வாந்தியும் வயிற்றோட்டமும் இருக்கும் நாட்களில் பிடிக்காமல் இருப்பதே நல்லது. நிலைமை சீரானபிறகு, டொக்டர் சம்மதித்தால், ஒரு நாளுக்கு ஒரு இமாட்டினிப் குடிப்பவருக்கு வழி இருக்கிறது. எங்கள் ஊரில் நோன்பின் நேரம் பதின்மூன்றரை மணித்தியாலம் அளவு. பேரீச்சம்பழமும் கஞ்சியும் குடித்து, மஃரிப் தொழுது, பிறகு இருந்து சோறு தின்னும்போது குளிசையைக் குடிக்கலாம். இரவுச் சாப்பாட்டு நேரத்தைத் தொடக்கத்திலேயே தெரிவு செய்வது இதற்காகவும் நல்லது. றமழான் வந்தாலும் நேரம் பெரிதாக மாறாது. ஸஹர்வரை தண்ணி நிறையக் குடிக்க வேண்டும். நிலோட்டினிப் குடிப்பவருக்கு 12 மணி நேர இடைவெளியும் வெறும் வயிறும் சேர்ந்து நோன்போடு மோதும். அவர் றமழானுக்கு இரண்டு மாதம் முந்தியே டொக்டரிடம் பேச வேண்டும்.

ஹஜ்ஜுக்கோ உம்றாவுக்கோ போக நிய்யத் இருந்தால் அதற்கும் தடையில்லை. நிலைமை சீராக இருக்க வேண்டும், டொக்டரின் கடிதம் வேண்டும், குளிசை கைப்பையில் இருக்க வேண்டும். ஹஜ்ஜுக்குக் கட்டாயமான மூளைக்காய்ச்சல் தடுப்பூசி உயிருள்ள கிருமியால் செய்தது அல்ல. உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசிகளை மட்டும் டொக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

சாப்பாட்டில் பெரிய பத்தியம் இல்லை. மீன், முட்டை, கீரை, பருப்பு, வட்டையிலிருந்து வரும் சிவப்பரிசி எல்லாம் தின்னலாம். எங்கள் பக்கத்து எருமைத் தயிரும் தின்னலாம். காய்ச்சிய பாலில் உறைய வைத்ததாகவும் மூடி வைத்ததாகவும் இருக்கட்டும். கிரேப்ஃபுரூட் பழம் கூடாது. அதன் இனத்தைச் சேர்ந்த ஜம்போலாவையும் தவிர்க்கச் சொல்வார்கள். ஈரல் இந்த மருந்தைக் கழிக்கும் வேலையை அவை தடுத்து, மருந்தை இரத்தத்தில் தேங்க வைக்கும். கருவாட்டைக் குறைக்க வேண்டும். இமாட்டினிப் உடம்பில் நீரைப் பிடித்து வைக்கும். காலையில் எழும்பினால் கண்ணிமை வீங்கியிருக்கும். உப்புக் கூடினால் வீக்கமும் கூடும். ராத்தா கிழமைக்கு ஒருநாள் நிறை பார்க்கிறார். ஒரு கிழமையில் இரண்டு கிலோ கூடினால் அது சதையில்லை, நீர். உடனே கிளினிக்குக்குச் சொல்ல வேண்டும்.

இரவில் கெண்டைக்காலில் குரக்கை பிடிக்கும். தோல் கொஞ்சம் வெளுக்கும், வெயில் சுடும். சிலருக்கு வயிறு கலங்கும். களைப்பு இருக்கும். முடி கொட்டி மொட்டையாகும் வகை மருந்து இது அல்ல. இவற்றைப் பொறுத்துக்கொண்டு சும்மா இருக்கவும் வேண்டாம், இவற்றுக்காகக் குளிசையை விடவும் வேண்டாம். எந்த நாள், எந்த நேரம், என்ன வந்தது என்று கொப்பியில் எழுதிக்கொண்டு போனால் டொக்டர் அளவை மாற்றியோ துணை மருந்து தந்தோ சரிப்படுத்துவார். அதற்கு வழிகள் நிறைய இருக்கின்றன.

மூலிகை, எண்ணெய், தூள் என்று ஆளுக்கொன்று கொண்டுவந்து தருவார்கள். அன்பினால்தான் தருவார்கள். கருஞ்சீரகமாக இருந்தாலும் மருந்து அளவில் குடிக்கும் முன் டொக்டரிடம் காட்டுங்கள். சில மூலிகைகள் இமாட்டினிப்பை உடம்பிலிருந்து கெதியாகக் கழித்துவிடும். குடித்தும் குடிக்காதது போலாகிவிடும்.

வேலைக்குப் போகலாமா என்றால், போகலாம். உடம்பு சொல்வதைக் கேட்டுப் போக வேண்டும். பெரும்போகத்துக்கு வயலில் இறங்கும்போது சப்பாத்துப் போடுங்கள். சேற்றில் எலிக்காய்ச்சல் இருக்கிறது. அதற்கு முற்காப்பாகக் குளிசை கொடுக்கும்போது இமாட்டினிப் குடிப்பதைச் சொல்லி, டொக்டரைக் கேட்டுக் குடியுங்கள்.

காய்ச்சலை லேசாக எடுக்க வேண்டாம். 38 பாகை செல்சியஸ் தாண்டினால் அன்றே ஆசுபத்திரி. மாரியில் எங்கள் கரையோரத்தில் டெங்கு வரும். டெங்கும் வெண்குழியத்தையும் குருதிச் சிறுதட்டுக்களையும் குறைக்கும்; இந்தக் குளிசையும் சிலவேளை குறைக்கும். எது குறைத்தது என்று டொக்டருக்குத் தெரிய, போனதும் முதல் வார்த்தையாக "எனக்கு சி.எம்.எல்., இந்தக் குளிசை குடிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். ஒரு சின்ன மட்டையில் எழுதி பேர்சில் வையுங்கள். மயங்கி விழுந்தாலும் மட்டை பேசும். நோவுக்குக் கடையில் கேட்டு வாங்கும் அஸ்பிரின், ஐபுபுரோபன் வகைகள் வேண்டாம், இரத்தம் கசியும். பரசிட்டமோலும் அளவோடுதான். முரசில் இரத்தம், கறுத்த மலம், காரணமில்லாமல் தோலில் நீலம் படிவது, மூச்சு வாங்குவது ஆகியவையும் அன்றே காட்ட வேண்டியவை.

கிளினிக் என்பது எங்களுக்கு ஒரு பயணம். மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு இரவு பஸ் ஏறினால் சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய என்று ஏ4 வீதியில் விடியும்வரை ஓட வேண்டும். வடக்கே போனால் அக்கரைப்பற்று, கல்முனை தாண்டி மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. முதல் முடிவுகள் எங்கே எடுக்கப்பட்டாலும், பிறகு மாதாந்தம் மருந்தையும் இரத்தப் பரிசோதனையையும் கிட்டிய இடத்துக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும். போகும்போது தனியே போக வேண்டாம். டொக்டர் சொல்வதில் பாதி பயத்தில் காதில் விழாது. கூட வந்தவர் எழுதிக்கொள்ளட்டும்.

கையிருப்பைப் பற்றி ஒரு சொல். 2022 நெருக்கடியில் நாடு முழுவதும் மருந்துக்கு மக்கள் அலைந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2024 நவம்பர் வெள்ளத்தில் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் மதரசாப் பிள்ளைகள் வந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்ட துயரத்தை எங்கள் மாவட்டம் மறக்காது. வீதி மூழ்கினால் கிளினிக்கும் இல்லை, மருந்தும் இல்லை. ஆகவே இரண்டு கிழமைக் குளிசை எப்போதும் கையில் மிஞ்சும்படி டொக்டரிடம் சொல்லி எழுதி வாங்குங்கள். கடலோரத்து வீடென்றால், தண்ணி புகாத பேக்கில் கிளினிக் கொப்பியோடு சேர்த்து, எடுத்துக்கொண்டு ஓடக்கூடிய இடத்தில் வையுங்கள். சுனாமியில் கடதாசி எல்லாம் இழந்த ஊர் நாங்கள். தட்டுப்பாடு என்று கேள்விப்பட்டால் ஒன்றுவிட்டு ஒருநாள் குடித்து நீட்டப் பார்க்காதீர்கள். முடியும் முன்பே கிளினிக்குக்கு அழைத்துச் சொல்லுங்கள்.

மச்சான் குளிசைக் காட்டைத் திருப்பிப் பார்த்தார். "இது இந்தியாச் சாமான். நல்லதா?"

அந்தக் காட்டுக்குப் பின்னால் ஒரு போராட்டம் இருக்கிறது. இந்த மருந்தைக் கண்ட நோவார்ட்டிஸ் கம்பனி, கிளீவெக் என்ற பெயரில் இந்தியாவில் விற்ற விலை மாதத்துக்கு 120,000 இந்திய ரூபா அளவு. அங்குள்ள கம்பனிகள் அதே மருந்தைப் பத்தாயிரம் ரூபாவுக்குள் செய்தன. நோவார்ட்டிஸ் காப்புரிமை கேட்டது. மும்பையின் புற்றுநோயாளர் உதவிச் சங்கம் எதிர்த்தது. 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. 2007இல் கம்பனி சட்டத்தையே எதிர்த்துப் போட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளியது. 2013 ஏப்ரல் 1ஆந் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது. பழைய மருந்தின் உருவத்தைச் சிறிது மாற்றியதற்குப் புதிய காப்புரிமை இல்லை என்பதே தீர்ப்பின் சாரம். ஏழை நாடுகளுக்கு மலிவாக மருந்து போகும் வழி திறந்தே இருந்தது. எங்கள் நாட்டிலும் பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் மூலம் காட்டிய வழி இதுதான்: கம்பனிப் பெயரைப் பார்க்காமல் மருந்தின் சொந்தப் பெயரில் வாங்குவது. அந்தக் காட்டில் இருப்பது அதே இமாட்டினிப். பலிக்கிறதா என்பதை பி.சி.ஆர். எண் சொல்லும். கம்பனி மாறியபின் உடம்பில் ஏதாவது வித்தியாசம் தெரிந்தால் அதையும் கொப்பியில் எழுதுங்கள்.

பிறகு கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. "மூத்தவளுக்கு ஒரு பேச்சு வந்திரிக்கு. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிஞ்சா..." என்று நிறுத்தினார்.

இது தொற்றாது. ஒரே சஹனில் இருந்து தின்னலாம். பரம்பரையாகவும் போகாது. அந்த முறிவு அவர் பிறந்து பல வருடம் கழித்து மச்சையின் ஒரு கலத்தில் நடந்தது; பிள்ளைக்குப் போகும் வித்தில் அது இல்லை. வருடத்துக்கு ஒரு இலட்சம் பேரில் ஒருவர் இருவருக்கு, யாருக்கும் வரக்கூடியது. யார் செய்த பாவமும் இல்லை, யாருடைய கண்ணூறும் இல்லை. பேச்சு வார்த்தைக்கு வருபவர்களிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள், தேவையென்றால் நானும் வருகிறேன் என்றேன். இந்த வருத்தம் இளம் பெண்ணுக்கு வந்தால் மட்டும் ஒரு கவனம் வேண்டும். இமாட்டினிப் கருவுக்குக் கூடாது. பிள்ளை வேண்டும் என்றால் முதலில் டொக்டரோடு பேசித் திட்டமிட வேண்டும். வழிகள் இருக்கின்றன.

"எத்தன வருசத்துக்கு மச்சான் இதைக் குடிக்கிற?"

வாழ்நாள் முழுவதும் என்று நினைத்துத் தொடங்க வேண்டும். பிரான்சில் ஒரு ஆய்வு நடந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் பி.சி.ஆரில் நோயே தெரியாத 100 பேருக்கு, கண்காணித்தபடி குளிசையை நிறுத்தினார்கள். பத்தில் நாலு பேர் அளவில் திரும்ப வராமல் இருந்தார்கள். மற்றவர்களுக்கு, பெரும்பாலும் ஏழு மாதத்துக்குள், திரும்ப வந்தது. குளிசையை மீண்டும் தொடங்கியதும் அடங்கியது. அந்த நாள் உங்களுக்கும் வரலாம், இன்ஷா அல்லாஹ். ஆனால் அந்த வாசலுக்குப் போக இந்த வழி மட்டும்தான்: பல வருடம், ஒருநாளும் விடாமல். நிறுத்துவது டொக்டர் கையில், மாதா மாதம் பி.சி.ஆர். செய்ய வசதி இருந்தால் மட்டும்.

மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. எழும்பும்போது, சுவரில் தொங்கிய கலண்டரைக் கழற்றி அவர் பேக்குக்குள் வைத்தேன். எங்கள் வீட்டில் இன்னொன்று இருந்தது.

இரவு ஒன்பது மணிக்கு அவருடைய மூத்த மகள் கோல் எடுத்தாள்.

"மாமா, வாப்பா குளிசை குடிச்சிட்டார். இண்டையப் புள்ளடி நான்தான் போட்டன்."